முத்திரை குத்தாத ஆட்டோமேஷன்

"கோடிங் தெரிய வேண்டாம். பெட்டிகளை இழுத்துப் போட்டு அம்புக்குறியால் இணைத்தால் போதும், வேலை தானாக நடக்கும்." ஒர்க்ஃப்ளோ ஆட்டோமேஷன் கற்றுத் தருகிறோம் என்பவர்களில் பலர் இப்படித்தான் ஆள் சேர்க்கிறார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து.

பெட்டியும் அம்பும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். கஷ்டம் வேறு இடத்தில். ஏர்பிஎன்பி நிறுவனத்தில் 2014இல் பிறந்த ஏர்ஃப்ளோவையே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் இழுக்கும் பெட்டி இல்லை, பைத்தானில் எழுத வேண்டும். ஆனால் சிக்கல் ஒன்றுதான். 'ரிட்ரைஸ்' என்ற இடத்தில் 3 என்று போட்டால், தோற்ற வேலையை இன்னும் மூன்று முறை வரை அதுவே செய்து பார்க்கும். நல்லதுதானே என்பீர்கள். அந்த வேலை ஒருவருக்கு ஓய்வூதியம் அனுப்புவது என்றால்? பணம் போய்விட்டது, போய்ச் சேர்ந்த தகவல் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. இயந்திரத்தின் கணக்கில் அது தோல்வி. மறுபடி அனுப்பும். பிறகு 'அதிகம் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தவும்' என்ற கடிதம் யார் வீட்டுக்குப் போகும்? ஒர்க்ஃப்ளோ செய்தவர் வீட்டுக்கா?

இதற்கு மருந்து உண்டு. எத்தனை முறை ஓட்டினாலும் ஒரு முறை ஓட்டிய பலனே கிடைக்கும்படி வேலையை அமைப்பது. ஐடெம்போடன்ஸ் என்கிறார்கள். பெயர்தான் புதிது. பணம் கொடுத்த வவுச்சரில் 'பெய்ட் அண்ட் கேன்சல்டு' முத்திரை குத்தினோமே, எதற்கு? அதே காகிதம் இரண்டாம் முறை பணம் வாங்கக் கூடாது என்றுதான். குமாஸ்தா வேலை என்று இளப்பமாகச் சொல்கிறார்களே, அது இதுதான்.

கம்ப்யூட்டர் என்றால் கணக்கிடுவது. பிரெஞ்சுக்காரர்கள் 'ஒர்தினாத்தேர்' என்பார்கள். ஒழுங்கு செய்வது என்று பொருள். 1955இல் ஐபிஎம் நிறுவனத்துக்காக லத்தீன் பேராசிரியர் ழாக் பெரே எடுத்துக் கொடுத்த சொல். ஒழுங்கு என்பது அம்புக்குறி அல்ல. எது முதலில், எது நின்றால் யாருக்குச் சொல்வது, எதை இரண்டு முறை செய்யக் கூடாது, எங்கே ஒரு மனிதரின் கையெழுத்து வேண்டும் - இவற்றைக் காகிதத்தில் எழுதத் தெரியாதவரிடம் இந்தக் கருவியைக் கொடுத்தால், தப்பு வேகமாக நடக்கும். அவ்வளவுதான்.

சான்றிதழ் கொடுப்பவர்கள் ஒரே ஒரு தேர்வு வைக்கட்டும். மாணவர் செய்த ஒர்க்ஃப்ளோ ஓடும்போது நடுவில் இணைப்பைப் பிடுங்குங்கள். மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். பணம் ஒரு முறைதான் போயிருக்கிறதா? தேர்ச்சி.