கூட்டாக வாங்கினால்தான் மின்சார வண்டி கட்டுப்படியாகும்



சரக்கு வண்டி வாடகையைப் பற்றிக் குறைப்படாத கடைக்காரர் தூத்துக்குடியில் இல்லை. மின்சார வண்டி வாங்கலாமா என்று மளிகைக் கடை நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் தனியாக வாங்க வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

2005ல் டாடா ஏஸ் வந்தது. தள்ளுவண்டி மட்டுமே நுழைந்த சந்துகளில் குட்டியானை நுழைந்தது. அதே கம்பெனி 2025 ஜூனில் ஏஸ் புரோ என்று இன்னும் சிறிய வண்டியை இறக்கியது. 750 கிலோ ஏற்றலாம். 50 கிலோ மூட்டை என்றால் 15. அறிமுக விலை பெட்ரோல் வண்டிக்கு 3.99 லட்சம், மின்சார வண்டிக்கு 6.50 லட்சம். கூடுதலாகப் போடும் இரண்டரை லட்சம் எப்போது திரும்பும்?

பேட்டரி 14.4 யூனிட் பிடிக்கும். ஒரு சார்ஜில் 155 கி.மீ. ஓடும் என்கிறது கம்பெனி. மூட்டை ஏற்றிய வண்டிக்கு நாம் 100 என்றே வைப்போம். யூனிட் 10 ரூபாய் என்றால் கி.மீ.க்கு ஒன்றரை ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 20 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்தால் 5 ரூபாய். மிச்சம் மூன்றரை. தினம் 60 கி.மீ., மாதம் 25 நாள் ஓடினால் 5,250 ரூபாய். நான்கு வருடத்தில் முதல் திரும்பிவிடும்.

ஆனால் ஒரு மளிகைக் கடைக்கு மண்டிக்குப் போய் வரவும் வீடுகளுக்குக் கொடுக்கவும் தினம் 20 கி.மீ. தாண்டுமா? 20 என்றால் பன்னிரண்டு வருடம் ஆகும். அதற்குள் பேட்டரி கிழடாகிவிடும். நின்றுகொண்டிருக்கும் மின்சார வண்டி நஷ்டம். நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே வண்டியை ஓட்டினால் அதே 60 கி.மீ. தானாக வந்துவிடும்.

புகை விஷயமும் உண்டு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் அறிவித்தது. லோடு இறக்கும்வரை எஞ்சினை அணைக்காமல் நிற்கும் வண்டியின் புகை கல்லாப்பெட்டியில் இருப்பவர் மூக்கில்தான் ஏறுகிறது. அனல்மின் நிலையம் நம் ஊரிலேயே இருக்கிறதே, புகை அங்கே போகாதா என்று கேட்பார்கள். போகும்தான். ஆனாலும் அந்தப் புகைபோக்கி நம் கடை வாசலில் இல்லை.

மின்சார வண்டி சத்தமில்லாமல் வரும். மார்க்கெட் நெரிசலில் பின்னால் எடுக்கும்போது ஒலி எழுப்பும் கருவி இல்லாமல் வாங்கவே கூடாது. அடுத்தது தண்ணீர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, நம் கிட்டங்கிகளில் மூட்டைகள் ஊறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சார்ஜ் பெட்டியை நெஞ்சுயரத்துக்கு மேல் வைக்க வேண்டும்; மழைக்கு முன்பே வண்டியை மேட்டில் நிறுத்த வேண்டும். உப்புக்காற்றுக்கு வயர் முனைகளை அடிக்கடி பார்க்க வேண்டும்.

அரசிடம் ஒரு குறை. 2025 ஜூலையில் மத்திய அரசு மின்சார லாரிக்கு 9.6 லட்சம் வரை மானியம் அறிவித்தது. மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு மட்டும்! துறைமுகத்துக்கு நல்லது. மளிகைக் கடைக்கு வரும் குட்டி வண்டிக்கு அதில் ஒரு பைசா இல்லை. அமேசான் 10,000 மின்சார வண்டி விடுவதாக 2020லேயே அறிவித்தது. அவர்களுக்கு முதல் இருக்கிறது. நமக்கு மானியமாவது வேண்டாமா? நம் சங்கம் இதை எழுத்தில் கேட்க வேண்டும்.

மனு போகட்டும். அதற்குள் நான்கு பேர் முன்வந்தால் ஒரு வண்டி போட்டுப் பார்க்கலாம். இரவு நிறுத்தவும் சார்ஜ் போடவும் என் கிட்டங்கியில் இடம் தருகிறேன். கரண்டுக்குத் தனி மீட்டர் வைத்து, ஓடிய கி.மீ. கணக்கில் பங்கு பிரித்துக்கொள்வோம்.