பனியா, பசுமையா?

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாக வாழும் நமக்கு, ஆல்ப்ஸ் மலை என்றதும் மனத்தில் முதலில் தோன்றுவது வெண்பனிதான். அதனால், அங்குச் செல்வதென்றால் டிசம்பர் மாதத்தில்தான் செல்ல வேண்டும் எனப் பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். என் அண்ணன் குடும்பமும் அப்படித்தான் முடிவு செய்திருந்தது. நான்கு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அண்ணன், அண்ணி, உயர்நிலைப் பள்ளியில் பயிலும் இரு பிள்ளைகள், எழுபது வயதைக் கடந்த எங்கள் அம்மா என ஐவர் செல்லவிருந்த பயணம். பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். “டிசம்பர் வேண்டாம், ஜூன் விடுமுறையில் போங்கள்,” என்றேன். அண்ணன் மகளின் முகம் வாடிவிட்டது. “பனி இல்லாத ஆல்ப்ஸ் மலையில் என்ன அத்தை இருக்கிறது?” என்று கேட்டாள்.

அவளுடைய கேள்வி நியாயமானதே. அவளுக்கு நான் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன். முதன்முறையாக ஆல்ப்ஸ் மலைக்குச் செல்லும் குடும்பம், அதிலும் பனிச்சறுக்குத் தெரியாத குடும்பம், குளிர்காலத்தைவிடக் கோடைக்காலத்தைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்பது என் கருத்து.

ஆல்ப்ஸ் மலைத்தொடர் பிரான்சிலிருந்து சுலோவீனியா வரை எட்டு நாடுகளில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்து கிடக்கிறது. இம்மலைக்கு மக்கள் ஓய்வுக்காக வரத் தொடங்கிய காலத்தில் அவர்கள் கோடையில்தான் வந்தார்கள். குளிர்காலச் சுற்றுலா பிறகு வந்த பழக்கம். சுவிட்சர்லாந்தின் செயிண்ட் மோரிட்ஸ் ஊரில் விடுதி நடத்திய யோகானஸ் பாட்ரூட் என்பவர், 1864ஆம் ஆண்டில், தம் விடுதிக்கு வந்திருந்த ஆங்கிலேய விருந்தினர்களைக் குளிர்காலத்திலும் வரும்படி அழைத்தார் என்றும், பிடிக்காவிட்டால் பயணச் செலவைத் தாமே ஏற்றுக்கொள்வதாகப் பந்தயம் கட்டினார் என்றும் சொல்லப்படுகிறது. பின்னர், 1924ஆம் ஆண்டில் பிரான்சின் ஷமோனி ஊரில் முதல் குளிர்கால ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. பனிச்சறுக்கு உலகப் புகழ் பெற்றது. இன்று ஆல்ப்ஸ் மலையின் குளிர்கால ஊர்கள் பெரும்பாலும் பனிச்சறுக்கையே நம்பி இயங்குகின்றன.

இங்கேதான் முதல் சிக்கல் தொடங்குகிறது. பனிச்சறுக்கு, போனவுடன் விளையாடிவிடக்கூடிய விளையாட்டன்று. சறுக்குப் பலகை, காலணி, தலைக்கவசம், குளிருடை ஆகியவற்றை வாடகைக்கு எடுக்க வேண்டும். மலைமேல் ஏற்றிச் செல்லும் கேபிள் காருக்கு நாள்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும். பயிற்றுநருக்கும் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். தொடக்கநிலைச் சரிவில் விழுந்து எழுந்து, ஓரளவு நிற்கக் கற்றுக்கொள்வதற்குள் சில நாள்கள் ஓடிவிடும். ஒரு வார விடுமுறையில் பாதி அதற்கே போய்விட்டால், மலையைப் பார்ப்பது எப்போது? எழுபது வயதுப் பாட்டி அந்நேரத்தில் என்ன செய்வார்? விடுதி அறையின் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதற்காகவா அவரைப் பதின்மூன்று மணி நேரம் விமானத்தில் அழைத்துச் செல்கிறோம்?

இரண்டாவது, பகற்பொழுது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்குப் பகல் எப்போதும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். ஆல்ப்ஸ் பகுதியில் அப்படியில்லை. டிசம்பர் மாதத்தில் பகல் ஏறத்தாழ எட்டரை மணி நேரமே நீடிக்கும். பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர்களில் சூரியன் மலைக்குப் பின்னால் இன்னும் முன்னதாகவே மறைந்துவிடும். ஜூன் மாதத்திலோ பகல் பதினைந்து மணி நேரத்திற்கும் மேல். ஒரே விடுதிக் கட்டணத்திற்கு ஏறக்குறைய இரு மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது என்றால், எது சிக்கனம்?

மூன்றாவது, பனியே இப்போது நிச்சயமற்றதாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இன்றுவரை ஆல்ப்ஸ் பகுதியின் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. 2023ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், உயரம் குறைந்த பல ஊர்களில் பனிச்சறுக்குப் பாதைகள் மூடப்பட்டன. சுவிட்சர்லாந்தின் அடெல்போடன் ஊரில், பசுமையும் பழுப்புமாக இருந்த மலைச்சரிவின் நடுவே, இயந்திரத்தால் உருவாக்கிய பனிப்பட்டையில் போட்டி நடைபெற்றது. செயற்கைப் பனியை உருவாக்கத் தண்ணீரும் மின்சாரமும் ஏராளமாகத் தேவை. காற்றும் போதிய அளவு குளிர்ந்திருக்க வேண்டும். பனிக்காகவே டிசம்பரில் சென்று, அங்கே மழையைப் பார்த்துத் திரும்பினால், அந்த ஏமாற்றத்திற்கு யாரை நொந்துகொள்வது?

இனி, அண்ணன் மகளின் கேள்விக்கு வருகிறேன். கோடையில் ஆல்ப்ஸ் மலையில் பனியே இருக்காதா? இருக்கும். உயரம்தான் அதை முடிவு செய்கிறது. பொதுவாக, 1,000 மீட்டர் உயரே செல்லும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் காரில் ஏறினால், ‘சிறிய மேட்டர்ஹார்ன்’ எனப்படும் இடத்தை அடையலாம். அதன் உயரம் 3,883 மீட்டர். ஊரில் 20 டிகிரி வெப்பம் இருக்கும் நாளில் மேலே ஏறத்தாழ 5 டிகிரிதான் இருக்கும். சுற்றிலும் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் பனியாறுகள்! காலையில் பனியைக் கையில் அள்ளி விளையாடிவிட்டு, மாலையில் பூத்துக் குலுங்கும் புல்வெளியில் நடக்கலாம். குளிர்காலத்தில் சென்றால் பனி மட்டும்தான்; கோடையில் சென்றால் இரண்டும் கிடைக்கும்.

செர்மாட் ஊருக்கு வேறு சிறப்புகளும் உண்டு. பெட்ரோல், டீசல் கார்கள் அவ்வூருக்குள் வர முடியாது. காரில் வருபவர்கள் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தேஷ் என்ற ஊரில் அதை நிறுத்திவிட்டு, ரயிலில் வரலாம். ஊருக்குள் நடக்கலாம், சிறிய மின்வண்டிகளும் ஓடுகின்றன. 1898ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பல்சக்கர ரயில், பயணிகளை 3,089 மீட்டர் உயரமுள்ள கோர்னர்கிராட் மலைமுகட்டுக்கு அழைத்துச் செல்கிறது. முழங்கால் வலியுள்ள பாட்டியும் இருக்கையில் அமர்ந்தபடியே 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தை நேருக்கு நேர் காணலாம். ஆனால், அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். எனவே, மெதுவாக நடக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கலந்துபேச வேண்டும்.

நடைப்பாதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் 65,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நடைப்பாதைகள் உள்ளன. அவற்றில் மஞ்சள் நிறக் கைகாட்டிப் பலகைகளைக் காணலாம். அப்பலகைகள் தொலைவைக் காட்டுவதில்லை. நடக்க எவ்வளவு நேரமாகும் என்பதையே காட்டுகின்றன. மலையில் தொலைவைவிட ஏற்ற இறக்கமே முக்கியம் என்பதை அம்மக்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள். மஞ்சள் நிறம் மட்டும் உள்ள பாதை அனைவருக்கும் ஏற்றது. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறியுள்ள பாதைக்கு நல்ல காலணியும் கவனமும் தேவை. வெள்ளை-நீலம்-வெள்ளைக் குறியுள்ள பாதை அனுபவசாலிகளுக்கு மட்டுமே உரியது. இந்த மூன்று குறிகளையும் அறிந்துகொள்வது, பத்துப் பயணக் காணொளிகளைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

‘கோடையில் ஆபத்தே இல்லையா?’ என நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பிற்பகலில் திடீரென இடியுடன் மழை பெய்யக்கூடும். அதனால் காலையிலேயே நடக்கத் தொடங்கிவிட வேண்டும். ஜூன் மாதத்தில் உயரமான பாதைகள் சிலவற்றில் பனி இன்னும் கரையாமல் இருக்கும்; அவை மூடப்பட்டிருந்தால் தடையை மீறி நுழையக் கூடாது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் என்ற சிற்றூர் மீது பனியாறும் பாறைகளும் சரிந்து விழுந்தன. ஊரின் பெரும்பகுதி புதைந்துபோனது. ஆனால், மலையைக் கண்காணித்துவந்த வல்லுநர்களின் எச்சரிக்கையை ஏற்று, ஏறத்தாழ 300 மக்கள் சில நாள்களுக்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தனர். தலைமுறை தலைமுறையாக மலையில் வாழும் மக்களே எச்சரிக்கைக்குச் செவிசாய்க்கும்போது, ஒரு வாரத்திற்கு வரும் விருந்தாளிகள் எம்மாத்திரம்?

செர்மாட் ஊரின் அருங்காட்சியகத்தில் அறுந்துபோன கயிறு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. 1865ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் தேதி, எட்வர்ட் விம்பர் உட்பட எழுவர் முதன்முதலாக மேட்டர்ஹார்ன் சிகரத்தை அடைந்தனர். இறங்கும்போது ஒருவர் கால் வழுக்கியதால் நால்வர் பள்ளத்தில் விழுந்து இறந்தனர். அறுந்த கயிறு, அவர்கள் கொண்டுசென்ற கயிறுகளிலேயே வலுக்குறைந்தது என்று விம்பர் பின்னர் எழுதினார். வலுவான கயிறு கையில் இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் பழமொழி. மலைக்குச் செல்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

ஆகவே, திட்டமிடும்போது சிலவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். முதலில், ஆண்டிறுதி விடுமுறை தொடங்கும் நவம்பர் மாதத்தில் போகாதீர்கள். கோடைக்கும் குளிர்காலத்திற்கும் இடைப்பட்ட அம்மாதத்தில் பல மலையூர்களில் விடுதிகளும் கேபிள் கார்களும் மூடப்பட்டிருக்கும். மே மாதத் தொடக்கமும் அப்படித்தான். அடுத்து, பத்து நாள்களில் ஆறு நாடுகளைச் சுற்ற ஆசைப்படாதீர்கள். ஒரே ஊரில் ஐந்து நாள்கள் தங்கினால், மேகம் மூடிய நாளில் ஓய்வெடுத்துவிட்டு, வானம் தெளிந்த நாளில் மேலே செல்லலாம். மலையுச்சிக்கான சீட்டை அன்று காலையில் வானிலையைப் பார்த்த பிறகு வாங்குவதே நல்லது. குளிர்கண்ணாடியும் வெயில் தடுப்புக் களிம்பும் கட்டாயம் தேவை. புதிய பனி, தன்மீது விழும் புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பக்கூடியது.

இன்னோர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தங்கள் பனியில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை இழந்துவிட்டன. நெடுந்தொலைவிலிருந்து விமானத்தில் பறந்து செல்லும் நமக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு. அதற்காக யாரும் எங்கும் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சுற்றுலாவை நம்பித்தான் அம்மலையூர் மக்களின் பிழைப்பும் நடக்கிறது. ஆனால், அடிக்கடி பறப்பதைவிட, ஒரு முறை சென்று, நீண்ட நாள் தங்கி, ரயிலில் பயணம் செய்து, அந்த இடத்தை நன்கு அறிந்து திரும்புவது மேல். உருகும் பனியாற்றைக் கோடையில் நேரில் கண்ட பிள்ளை, பருவநிலை மாற்றத்தைப் பற்றி வெறும் பாடமாக மட்டும் இனிப் படிக்காது.

நான் சொன்னதையெல்லாம் கேட்ட அண்ணன் மகள், சிறிது நேரம் யோசித்தாள். பிறகு, “எல்லாம் சரிதான் அத்தை. ஆனால், வானத்திலிருந்து பனி விழுவதைப் பார்க்க முடியாதே!” என்றாள். அவள் சொன்னது உண்மைதான். தரையில் கிடக்கும் பனியைக் கோடையில் தொடலாம். முற்றத்தில் நின்றபடி மெல்ல மெல்ல விழும் பனியைப் பார்க்கும் அனுபவத்தைக் கோடை உறுதியாகத் தராது. அது ஓர் இழப்பு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். இருப்பினும், அந்த ஓர் ஆசைக்காக, அவளுடைய பாட்டி மலையையே பார்க்காமல் திரும்ப வேண்டுமா? அந்தக் கேள்வியை அவளிடமே விட்டுவிட்டேன்.

அன்று இரவு அண்ணன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஜூன் மாதப் பயணத்திற்கு விடுதி தேடத் தொடங்கிவிட்டார்களாம். “யார் முடிவு செய்தது?” என்று கேட்டேன். “வேறு யார்? உன் மருமகள்தான். பாட்டிக்குச் சன்னல் ஓர இருக்கை வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள்,” என்றார்.

விடுமுறைப் பயணம் என்பது ஒருவருடைய கனவு மட்டுமன்று. உடன் செல்லும் அனைவருக்கும் உரியது. அடுத்த முறை உங்கள் குடும்பத்தில் பயணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ‘எங்கே போகலாம்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எப்போது போனால் நம் எல்லாருக்கும் நன்றாக இருக்கும்?’ என்றும் கேளுங்கள்.