இரண்டுக்கு இடமில்லாத வீடு

கினிப்பன்றியைத் தனியொன்றாக வளர்ப்பது கொடுமை. கொல்கத்தாவின் நியூ டவுன் அடுக்ககங்களிலும் மாணவர் அறைகளிலும் ஒற்றை உயிரைக் கூண்டிலிட்டுச் செல்லம் கொஞ்சுவோருக்கு இச்சொல் கசக்கலாம். ஆயினும் வேறு சொல் பொருந்தாது.

ஆண்டீஸ் மலைநாட்டில் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் பழக்கிய இவ்விலங்கு, இயல்பில் கூட்டமாக வாழ்வது. தாயும் குட்டியும் தேடிக்கொள்ளும் குரல், ஆண் பெண்ணை அணுகும் உறுமல், அபாய ஒலி என அதன் குரல்கள் யாவும் தன்னினத்தார் செவியை நோக்கியவை. குளிர்பதனப் பெட்டி திறக்கும்போது எழும் கீச்சொலியை 'என்னோடு பேசுகிறது' என்று மகிழ்பவர், அதன் ஏனைய உரையாடல்கள் அனைத்தையும் தாமே துண்டித்திருப்பதை எண்ணுவதில்லை. 'துணைக்கு நான் இருக்கிறேனே' என்பவர் காலையில் ஆய்வகம் சென்று இரவில் திரும்புகிறார். முயலைத் துணையாக விடுவதும் தீர்வன்று: அதன் உதை காயப்படுத்தும்; அது நோயின்றிச் சுமக்கும் போர்டெடெல்லா கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவைத் தரும்.

அதற்காக, பாக்பஜாரை ஒட்டிய காலிஃப் தெரு ஞாயிற்றுச் சந்தையில் இன்னொன்றை அவசரமாக வாங்கிவருவதும் அறியாமையே. ஆண் குட்டி மூன்று வாரத்திலேயே இனப்பெருக்கத் தகுதி பெறக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 65 நாள். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் சினையுறலாம். 'இரண்டும் பெண்' என்ற வியாபாரியின் வாய்மொழியை நம்பினால், ஆறு மாதத்தில் இரண்டு பத்தாகிவிடக்கூடும்.

ஒத்துப்போகும் குழு எதுவென்பது தெளிவானது. இரண்டு மூன்று பெண்கள். அல்லது விதைநீக்கம் செய்து ஆறு வாரம் கழிந்த ஓர் ஆணும் பெண்களும். அல்லது பெண் வாடையே இல்லாத விசாலமான இடத்தில் இரண்டு ஆண்கள். புதியதைச் சில வாரம் தனியே வைத்து நோயில்லை என உறுதிசெய்தபின், இருவருக்கும் பழக்கமில்லாத பொது இடத்தில் அறிமுகப்படுத்த வேண்டும். உறுமலும் துரத்தலும் வரிசையை நிலைநாட்டும் முயற்சி. இரத்தம் கண்டால் மட்டும் பிரிக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்து 2008-ஆம் ஆண்டு விதிகளில் இவ்விலங்கைத் தனியே வைப்பதைத் தடை செய்தது. இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கூண்டில் அசைய இடமுண்டா என்று கேட்கிறது. துணை உண்டா என்று கேட்பதில்லை. எனினும் அதன் மூன்றாம் பிரிவு, விலங்கின் நலத்தைக் காக்கும் கடமையை வளர்ப்பவர்மீதே சுமத்துகிறது. துணை நலத்தில் சேராது என்று எந்தக் கல்வியாளர் வாதிடுவார்?

கினிப்பன்றியின் ஆயுள் ஐந்து முதல் எட்டு ஆண்டு. பலரின் முனைவர் பட்டக் காலத்தைவிட நீண்டது. படிப்பு முடித்து ஊர் திரும்புவோர் பழகிய இணையை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பதைத் தத்தளிப்பு என்று அழைக்க வேண்டாம். கொடுப்பவர் சேர்த்தே கொடுக்கட்டும். ஏற்பவர் சேர்த்தே ஏற்கட்டும். இரண்டுக்கு இடமில்லாத வீட்டில் ஒன்றுக்கும் இடமில்லை.