புணே ஜிபிஎஸ் பாதிப்பு: ஆய்வகத்துக்கு வராத மாதிரிகள்

மகாராஷ்டிர மாநிலம், புணேயில் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கில்லன் பாரே சிண்ட்ரோம் (ஜிபிஎஸ்) எனும் நரம்பு பாதிப்பு, சந்தேகத்துக்குரியோர் உள்பட 200-க்கும் மேற்பட்டோரிடம் பதிவானது. உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் இந்நோயில் கை, கால்கள் செயலிழக்கும். சிலருக்கு சுவாசமும் தடைபடும். உயிரிழப்புகளும் நேரிட்டன.

சிங்ககட் சாலையை ஒட்டிய நாந்தேட், கிர்கட்வாடி உள்ளிட்ட பகுதிகளில் பாதிப்பு அதிகமாகக் காணப்பட்டது. நோயாளிகள் சிலரின் மல மாதிரிகளை ஆராய்ந்த புணே தேசிய வைராலஜி நிறுவனம், கேம்பைலோபாக்டர் ஜெஜுனி பாக்டீரியாவையும் நோரோ வைரஸையும் கண்டறிந்தது. இதையடுத்து, குடிநீர் மீதான சந்தேகம் வலுத்தது. தரமற்ற நீரை விற்ற தனியார் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநகராட்சி சீல் வைத்தது.

எனினும், இந்தக் கண்டறிதல் எளிதானதல்ல. வயிற்றுப்போக்கு ஏற்பட்டு பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குப் பின்னரே நரம்பு பாதிப்பு தெரியவரும். அதற்குள் கிருமி உடலைவிட்டு நீங்கியிருக்கலாம். கேம்பைலோபாக்டரை வளர்த்தெடுக்க குறைந்த ஆக்சிஜனும், சுமார் 42 டிகிரி செல்சியஸ் வெப்பமும் தேவை. முடிவு தெரிய இரண்டு நாள்களாவது ஆகும். பிசிஆர் பரிசோதனை விரைவானது; ஆனால், அதிலும் கிருமி இல்லை என வரும் முடிவு, தொற்றே ஏற்படவில்லை என்பதற்குச் சான்றாகாது. மாதிரி எப்போது எடுக்கப்பட்டது, நோயாளி முன்னதாக ஆன்டிபயாடிக் உட்கொண்டாரா என்பதையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து முடிவுக்குப் பொருள் கூறுபவர் ஆய்வக மருத்துவரே.

நோய்ப் பரவலை முன்கூட்டியே அறிய 2004-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில், ஆய்வகங்களுக்கென 'எல்' படிவம் உள்ளது. உறுதிசெய்யப்பட்ட தொற்றுகளை அதில் தெரிவிக்க வேண்டும். ஆனால், சாதாரண வயிற்றுப்போக்குடன் வருவோர் பெரும்பாலும் மருந்து பெற்று வீடு திரும்பிவிடுகின்றனர். அவர்களின் மாதிரி ஆய்வகத்துக்குச் செல்வதில்லை. வராத மாதிரி குறித்து ஆய்வக மருத்துவர் எச்சரிக்க இயலாது.

வயிற்றுப்போக்கு நோயாளிகள் அனைவரையும் பரிசோதிப்பது செலவு மிக்கது. சிகிச்சைக்கு அது அவசியமும் இல்லை. தேர்ந்தெடுத்த சில புறநோயாளிப் பிரிவுகளில் இருந்து வாரந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாதிரிகளைச் சேகரித்தாலே கிருமியின் போக்கை அறியலாம். முடிவுகள் மருத்துவமனைக் கோப்புடன் நின்றுவிடாமல், குடிநீர் விநியோகப் பிரிவுக்கு அன்றைய தினமே செல்ல வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைகள் நிரம்பிய பிறகு கிடைக்கும் விடை, ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களுக்குக் காலம் கடந்ததாகிவிடும். இடைப்பட்ட அந்த ஓரிரு வாரங்களைப் பயன்படுத்திக்கொள்வதே புணே தரும் படிப்பினை.