பாட்டியையும் கூட்டிப் போங்கள்

ஆகஸ்டு பிறந்தால் என் வானொலி நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "மெர்டேக்கா விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்? செலவில்லாத இடமாகச் சொல்லுங்க!"

ஜொகூர் நேயர்களுக்கு நான் சொல்வது பக்கத்து மாநிலம்தான். மலாக்கா பண்டா ஹிலிரில் உள்ள சுதந்திரப் பிரகடன நினைவகம். மூவார்க்காரர்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். ஜொகூர் பாருக்காரர்கள் விடிகாலையிலேயே கிளம்புவது நல்லது. நுழைவுக் கட்டணம் கிடையாது. விடுமுறை நாளில் கார் நிறுத்த இடம் தேடுவது மட்டும் தனிச் சுதந்திரப் போராட்டம்.

அந்தக் கட்டடமே ஒரு கதை. 1912-இல் கட்டப்பட்ட மலாக்கா கிளப் அது. வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் மாலையில் கூடிய இடம். அதன் எதிரே இருந்த திடலில்தான் 1956 பிப்ரவரி 20 அன்று துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாளை மக்களுக்கு அறிவித்தார். 1985 ஆகஸ்டு 31-இல் இந்த நினைவகத்தைத் திறந்து வைத்தவரும் அவரே.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். பழைய கொடியில் எத்தனை கோடுகள் என்று எண்ணச் சொல்லுங்கள். பதினொன்று வரும். இன்றைய ஜாலூர் கெமிலாங்கில் பதினான்கு. "மீதி மூன்று எங்கிருந்து வந்தது?" என்று அவர்களே கேட்பார்கள். 1963-ஐப் பற்றிப் பேச அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

பெரியவர்களுக்கான கேள்வி வேறு. தலைவர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டே நடக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த நாளில் நம் தோட்டத்து லயங்களில் என்ன நடந்தது?

1957 ஆகஸ்டு 31 முதல் இங்கே பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன். 1962-இல் சட்டம் திருத்தப்படும் வரை அப்படித்தான். ஆனால் அதே வீட்டில் அதற்கு முன்பு பிறந்த அண்ணனோ அக்காளோ விண்ணப்பம் போட வேண்டியிருந்திருக்கலாம். இங்கே பிறந்தவர்கள் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தகுதி கேட்கப்படவில்லை. அந்த ஓராண்டின் அருமை தெரிந்தவர்கள் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு யார் சொல்வது? "நமக்கெதுக்குய்யா பாரம்?" என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. பிறகு சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளினார்கள்.

குளுவாங்கிலிருந்து பேசிய ஓர் அக்கா சொன்னார்: "எங்க வீட்ல கடைசிச் சித்தப்பாவுக்கு நீல கார்டு. அவரைத் தூக்கி வளர்த்த பெரிய அத்தைக்குச் சாகிற வரைக்கும் சிவப்பு கார்டுங்க." நேரலையில் சில விநாடிகள் எனக்குப் பேச்சே வரவில்லை. வானொலியில் மௌனம் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

அத்தைமார்களின் கதைக்கு நினைவகச் சுவர் காத்திருக்கலாம், அவர்களால் முடியாது. 1957-இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். ஆகவே காரில் பாட்டிக்கும் ஓர் இடம் வையுங்கள். வெயிலுக்குக் குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். படி ஏற முடியாவிட்டால் கீழேயே உட்காரட்டும். திரும்பும் வழியில் நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும்போது கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, பேரப்பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள்: "பாட்டி, உங்க கார்டு எப்ப நீலமாச்சு?"

பதிவை எனக்கும் அனுப்பி வையுங்கள். செப்டம்பர் 16, மலேசிய தினத்தன்று என் நிகழ்ச்சியில் பாட்டிகள்தான் பேசப் போகிறார்கள்.