ஜிர்காடாங்கில் வழங்கப்பட்ட வாக்காளர் அட்டைகள்

2025 ஜனவரியில் ஜிர்காடாங்கில் வைத்து, தெற்கு அந்தமான் காட்டில் வாழும் ஜாரவாப் பழங்குடி மக்கள் 19 பேருக்கு வாக்காளர் அடையாள அட்டை வழங்கப்பட்டது. நம் பெரார்கஞ்சைத் தாண்டி வடக்கே போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில், காட்டுக்குள் நுழையும் முன் வண்டிகள் காவலோடு கூட்டமாகப் போகும் கான்வாய்க்காகக் காத்து நிற்குமே, அந்த இடம்தான். செய்தி வந்தது, படம் வந்தது, பாராட்டும் வந்தது. அந்த அட்டையைக் கொண்டு அவர்கள் எதைப் பற்றி வாக்களிப்பார்கள் என்ற கேள்வி மட்டும் எங்கும் எழவில்லை. அந்தக் கேள்விக்காகவே இந்த இதழின் தலையங்கத்தை ஒதுக்குகிறோம்.

வாக்குரிமையின் அருமை தெரியாதவர்கள் அல்ல பெரார்கஞ்சுக்காரர்கள். 1923 முதல் 1931 வரை இங்கே சீஃப் கமிஷனராக இருந்த பெரார் துரையின் பெயரைத் தாங்கிய இந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் நிரப்பியவர்களில் பலர் விரும்பி வந்தவர்கள் இல்லை. 1921 மலபார் கலகத்துக்குப் பின் நாடுகடத்தப்பட்ட மாப்பிள்ளைமார் வந்தார்கள். ஐக்கிய மாகாணத்திலிருந்து குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டு பாண்டுக்கள் கொண்டுவரப்பட்டார்கள். அந்தச் சட்டம் ஒழிய 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிக் குடும்பங்களுக்குத் தெற்கு அந்தமானில் ஐந்து ஏக்கர் வயலும் ஐந்து ஏக்கர் மேட்டுநிலமுமாகப் பத்து ஏக்கர் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். தமிழர்கள் பிழைப்பைத் தேடிக் கப்பலேறினோம். நம்மவரில் இன்னொரு கூட்டமும் உண்டு. 1948 இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தோட்டத் தொழிலாளர்கள், 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்டு, அவர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வாக்கைப் பறிகொடுத்தால் வீடும் வேலையும் பின்னாலேயே போய்விடும் என்பதை அவர்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்தியா 1952இல் வாக்குச்சாவடிக்குப் போனபோது இந்தத் தீவுகள் போகவில்லை. அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணையில் ‘டி’ பிரிவில் தனியாக நின்ற ஒரே பகுதி அந்தமான் நிக்கோபார். மக்களவைக்கு நம் உறுப்பினரைக் குடியரசுத் தலைவர் நியமித்தார். முதலில் நியமிக்கப்பட்டவர் கார் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். போரின்போது தீவுகளைப் பிடித்திருந்த ஜப்பானியர் காலத்தின் கொடுமையைத் தாண்டி வந்தவர், மரியாதைக்குரிய பெரியவர். ஆனாலும் அவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. 1967இல்தான் தீவு மக்கள் முதன்முதலாகத் தங்கள் எம்.பி.யைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்; கே.ஆர். கணேஷ் வென்றார். 1943 டிசம்பர் 30இல் நேதாஜி கொடியேற்றியதை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம், தீவுகளின் பெயர் மாற்றங்களையும் விழாவாக நடத்துகிறோம். 1967ஐ நினைவுகூர ஒரு நாளும் இல்லை. நம் கணக்கில் போருக்குப் பிந்தைய அந்தமான் வரலாற்றின் பெரிய மைல்கல் அதுதான்.

வாக்கு வந்துவிட்டால் மட்டும் போதுமா? இதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த நாட்டின் போருக்குப் பிந்தைய வரலாறு என்றதும் நமக்கு மார்ட்டின் லூதர் கிங், 1963 வாஷிங்டன் பேரணி, 1965 வாக்குரிமைச் சட்டம் ஆகியவை நினைவுக்கு வரும். அவற்றுக்கும் முன்னால் 1948இல் நடந்த ஒன்று ஜிர்காடாங்குக்கு மிக நெருக்கமானது. அமெரிக்கப் பூர்வகுடிகள் அனைவரையும் 1924லேயே குடிமக்கள் என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் அரிசோனா மாநிலம், அவர்கள் அரசின் காப்பில் இருப்பவர்கள், காப்பில் இருப்பவருக்கு வாக்கு கிடையாது என்றது. பக்கத்து நியூ மெக்சிகோவோ, பழங்குடிகளுக்கென ஒதுக்கிய ரிசர்வில் வாழ்ந்து நிலவரி கட்டாத பூர்வகுடிகளுக்கு வாக்கில்லை என்றது. உலகப் போரில் அமெரிக்கச் சீருடை அணிந்து திரும்பியவர்களே வழக்குப் போட்டார்கள்: அரிசோனாவில் பிராங்க் ஹாரிசன், நியூ மெக்சிகோவில் மரீன் படையில் பணியாற்றிய ஆசிரியர் மிகேல் டிருஹியோ. 1948இல் இருவரின் வழக்குகளும் வென்றன.

அதோடு முடிந்ததா? இல்லை. 1953இல் அமெரிக்க நாடாளுமன்றம், பழங்குடிகளுக்கான தனி அந்தஸ்தையே படிப்படியாக முடித்துவிடுவது என்று தீர்மானித்தது. அவர்களை ரிசர்வ் நிலத்திலிருந்து பெருநகரங்களுக்கு இடம்பெயர்த்தார்கள். சமத்துவம் என்ற பெயரிலேயே அது நடந்தது. இதற்கு எதிர்ப்பு வெடித்த இடம், அந்தமான்காரர்கள் கேட்டால் நிமிர்ந்து உட்காரும் இடம்: சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள அல்கட்ராஸ் என்ற சிறைத் தீவு. பிள்ளைகளை அரசுப் பள்ளி விடுதிக்கு அனுப்ப மறுத்த ஹோப்பி இனத்தவர் 19 பேரை 1895இல் அடைத்து வைத்த தீவு அது. 1963இல் சிறை மூடப்பட்டது. 1969 நவம்பர் 20இல் பூர்வகுடி மாணவர்களும் குடும்பங்களும் படகில் போய் இறங்கி, 19 மாதம் அதைத் தங்கள் வசம் வைத்திருந்தார்கள். வெள்ளையர் பழைய நாளில் மன்ஹாட்டனுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அதே விலையை, 24 டாலர் மதிப்புள்ள பாசிமணியும் சிவப்புத் துணியும் தருவதாக அறிவித்தார்கள். 1971 ஜூனில் அரசு அவர்களை வெளியேற்றிவிட்டது. தீவு கைக்கு வரவில்லை, ஆனால் கொள்கை மாறியது.

மாறியதற்கு அடையாளமாக நாம் சொல்ல விரும்புவது நியூ மெக்சிகோவின் நீல ஏரி. டாவோஸ் பூயப்ளோ என்ற பூர்வகுடி மக்களுக்கு அது கோயில். 1906இல் அரசு அதைக் காட்டிலாகாவுக்கு எடுத்துக்கொண்டது. பணமாக இழப்பீடு வாங்கிக்கொள்ளச் சொன்னபோது அவர்கள் மறுத்தார்கள். ஏரியும் காடும்தான் வேண்டும் என்றார்கள். 1970 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டு 48,000 ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தார். அதே மாநிலத்தில் பூர்வகுடிகளுக்கு வாக்கு கிடைத்து அப்போது 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. மண்ணின் மீது சொல்லுரிமை வந்தபோதுதான் வாக்கு முழுமை பெற்றது என்பது நம் வாசிப்பு.

இந்த அளவுகோலை வைத்து ஜிர்காடாங்கைப் பார்ப்போம். 1957இல் ஜாரவா ரிசர்வ் அறிவிக்கப்பட்டது. பிறகு அதற்கு உள்ளேயே சாலை போடப்பட்டது. ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டி வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் அவர்கள் காட்டைப் பிளந்துகொண்டு போகிறது. சாலை வேலையாட்களும் ஓரத்துக் கிராமத்தவரும் ஜாரவா அம்பில் இறந்தார்கள். ஜாரவாக்கள் பக்கம் விழுந்த உயிர்களுக்கு யாரிடமும் கணக்கில்லை. 1997 இறுதியில் ஜாரவாக்கள் ஆயுதமின்றி வெளியே வரத் தொடங்கினார்கள். 1999இல் தட்டம்மை அவர்களுக்குள் பரவியது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், ரிசர்வுக்குள் செல்லும் சாலையை மூடும்படி உத்தரவிட்டது. 2012இல் ஜாரவாப் பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடவைத்த காணொளியை உலகமே பார்த்தது. கான்வாய் இன்றும் ஓடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி 380 பேரே இருந்த ஒரு சமூகத்தின் முற்றத்து வழியாக இத்தனை பஸ்ஸும் லாரியும் போகின்றன.

மாயாபந்தர், ரங்கத் பக்கத்து மக்களுக்கு ஆஸ்பத்திரி போக இந்தச் சாலையை விட்டால் வேறு என்ன வழி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, நோயாளியை மறித்து நிறுத்த நமக்கு மனம் இல்லை. ஆனால் அதற்குப் பதில் கடலில் இருக்கிறது. வேண்டிய அளவு கப்பலும், நேரத்துக்குக் கிளம்பும் படகும் விட்டால் சுற்றுலா வண்டியும் சரக்கு லாரியும் காட்டுக்குள் போக வேண்டிய அவசியம் இல்லை. அதைச் செய்யாமல் இருபது ஆண்டுக்கு மேல் கடத்திவிட்டு நோயாளியைக் காரணம் காட்டுவதை நாம் ஏற்கவில்லை.

தெற்கே கிரேட் நிக்கோபாரிலும் இதே கதை. 2024 ஏப்ரலில் அங்குள்ள ஷோம்பென் பழங்குடி மக்கள் ஏழு பேர் முதன்முறையாக வாக்களித்தார்கள். அதற்கு முன்பே, 2022இல், துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கட்ட அவர்கள் தீவில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை விட்டுக்கொடுக்க ஒப்புதல் ஆகிவிட்டது. அந்தத் தீவின் பழங்குடியினர் கவுன்சில் தான் கொடுத்த சம்மதத்தை 2022 நவம்பரில் கடிதம் எழுதித் திரும்பப் பெற்றது. அந்தக் கடிதத்துக்குக் கிடைக்காத மதிப்பு ஏழு வாக்குகளுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

அட்டை கொடுத்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. ஜாரவாக்களும் இந்நாட்டின் குடிமக்கள்தாம். 1949 முதல் இங்கே பத்துப் பத்து ஏக்கராக அளந்து கொடுக்கப்பட்ட காடு யாருடையது என்பது நம் வயலிலும் பாக்குத் தோட்டத்திலும் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆகவே இந்தக் கடமை முதலில் பெரார்கஞ்சுக்காரர்களுடையது. தீவுகளுக்குச் சட்டமன்றம் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். புதுச்சேரிக்கு 1963லேயே சட்டம் வந்துவிட்டது, நமக்கு இன்றுவரை இல்லை. அந்தக் கோரிக்கையை எழுப்பும் அதே வாயால், ஜாரவாக்களின் சம்மதம் இல்லாமல் அவர்கள் காட்டில் எதுவும் நடக்கக்கூடாது என்றும் சொல்வோம். அடுத்த முறை பஞ்சாயத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், 2002 தீர்ப்பை எப்போது நிறைவேற்றுவீர்கள், அதற்கு எத்தனை கப்பல் விடுவீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.