மெட்ரோ துரைப்பாக்கம் வரை வரும், கண்ணகி நகருக்குள் வராது

"மெட்ரோவில் ஏது தோழர் சாதி? டிக்கெட் வாங்கினால் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாமே!"

வாசிப்பு வட்டம் ஒன்று முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தோழர் என்னிடம் இப்படிக் கேட்டார். நல்ல தோழர்தான். போராட்டம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவர். அவருக்கு அன்று ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. என் வீடு கண்ணகி நகரில் இருக்கிறது. ஓடியதே பாதிப் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது மந்தைவெளிப் பக்கம், பக்கிங்காம் கால்வாய்க் கரையில். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது எங்கள் தெருவையே லாரியில் ஏற்றினார்கள். கால்வாயைத் தூர்வார என்றார் ஒருவர், சாலையை அகலப்படுத்த என்றார் இன்னொருவர், ரயிலுக்காக என்றார் மூன்றாமவர். எது உண்மை என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் எழுத்தில் தரவில்லை. பாத்திரம், பாய், தாத்தாவின் அம்பேத்கர் படம் எல்லாவற்றோடும் பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கண்ணகி நகரில் இறக்கிவிட்டார்கள். 15,656 வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. நகரின் நடுவே கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் நாங்கள். பெரும்பான்மையானவர்கள் தலித்துகள், மீதிப்பேர் மீனவர்களும் உழைக்கும் ஏழைகளும். ஊருக்கு வெளியே சேரி என்ற அமைப்பைக் கிராமத்தில்தான் பார்க்க முடியும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை எங்கள் பக்கம் வந்து பாருங்கள். இங்கே அது நான்கு மாடிகளில் இருக்கிறது.

அம்மா மந்தைவெளியில் மூன்று வீடுகளில் வேலை பார்த்தார். குடிபெயர்ந்த பிறகும் அதே வீடுகளுக்குத்தான் போனார், வேறு வேலை ஏது? நடந்து பத்து நிமிடத்தில் போன இடத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டியதாயிற்று. முதல் மாதத்திலேயே தாமதமாக வந்ததால் ஒரு வீடு போனது. பின்னால் வேறொரு வீடு கிடைத்தது. எழுபது எண்பது நிமிடப் பயணம் இன்றும் தொடர்கிறது.

இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டம் வருகிறது. 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள், 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபர் 3 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்குள் மாநில அரசு தன் கையிலிருந்தும் கடனிலிருந்தும் வேலையை வெகுதூரம் நகர்த்திவிட்டிருந்தது. மொத்தத்தில் 33,593 கோடி கடன். ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி என்று நான்கு இடங்களில் வாங்குகிறார்கள். இந்தக் கடனைக் கட்டப்போவது மெட்ரோவில் ஏறுபவர்கள் மட்டுமல்ல. தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற என் அம்மாவும்தான்.

மூன்று தடங்களில் முதலாவது மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகிறது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, திருவான்மியூர், பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று அதன் நிலையங்கள் வரிசையாக வருகின்றன. நாங்கள் விரட்டப்பட்ட இடமும் நாங்கள் கொட்டப்பட்ட இடமும் ஒரே தடத்தில்! வரைபடத்தை முதலில் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். எங்களுக்காகவே போட்ட தடம் போல இருக்கிறதே என்று அம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "ஃப்ரீயா?"

இல்லை அம்மா. இன்றைய மெட்ரோக் கட்டணம் 10 முதல் 50 ரூபாய் வரை. துரைப்பாக்கத்திலிருந்து மந்தைவெளிக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிரதான சாலை வரை ஷேர் ஆட்டோவுக்கு 10 ரூபாய். போக வர நாளைக்கு 100, மாதம் 26 நாளுக்கு 2,600. அம்மாவின் மூன்று வீட்டுச் சம்பளம் சேர்த்து 9,000. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

தோழர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மெட்ரோப் பெட்டிக்குள் யாரும் யாரையும் சாதி கேட்பதில்லை, உண்மைதான். வெள்ளைக்காரன் போட்ட ரயிலிலும் அப்படித்தான் நம்பினார்கள். 1901இல் சிறுவன் பீமாராவ், அண்ணனோடும் அக்காவின் பிள்ளையோடும் அப்பாவைப் பார்க்கச் சதாராவிலிருந்து கோரேகாவ் கிளம்பிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அம்பேத்கரே எழுதியிருக்கிறார். புதுச் சட்டை, குல்லாய் எல்லாம் போட்டுக்கொண்டு டிக்கெட் வாங்கினார்கள், ரயிலில் ஏறினார்கள், மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். அதுவரை ஒரு சிக்கலும் இல்லை. நிலையத்துக்கு வெளியேதான் சிக்கல். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒரு மாட்டு வண்டிக்காரனும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி பேசி, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் கூடவே நடந்து வந்தான்.

அந்தக் கதையைத் தீண்டாமைக் கொடுமை என்று மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். போக்குவரத்துத் திட்டமிடலின் முதல் பாடமாகவும் அதைப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரயில் சதாராவிலிருந்து மசூர் வரை சமத்துவமாக ஓடியது. மசூரிலிருந்து வீடு வரை யார் எப்படிப் போவார்கள் என்பதை ரயில் போட்டவர்கள் ஊர்ச் சமூகத்திடம் விட்டுவிட்டார்கள். ஊர்ச் சமூகம் தன் வழக்கப்படி நடந்துகொண்டது. இன்றைக்கு இதற்குக் 'கடைசி மைல் இணைப்பு' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது கடைசி மைல் கிடையாது. காலையில் வீட்டை விட்டு இறங்கியதும் கால் வைக்கிற முதல் மைல். இரவு ஒன்பது மணிக்கு மேல் "கண்ணகி நகரா? உள்ளே வராது" என்று ஆட்டோக்காரர் சொல்வது எங்கள் எல்லோர் வீட்டிலும் நடந்திருக்கிறது. நேர்காணலில் முகவரியைப் பார்த்ததும் ஒரு நிறுவனத்தில் பேச்சின் தொனியே மாறியதை நான் பார்த்திருக்கிறேன். இரட்டைக் கூலி இன்னும் வழக்கத்தில்தான் இருக்கிறது.

பேருந்துக்குச் சாதி கிடையாது என்று தமிழ்நாட்டில் சொல்லவே முடியாது என்பதையும் போகிற போக்கில் நினைவூட்டுகிறேன். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது, அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கலவரத்தில் இறங்கினார்கள். தீர்வு என்ன கண்டார்கள்? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கினார்கள். ஒருவரோடு சமமாக இருப்பதைவிட எல்லோரும் பெயரில்லாமல் இருப்பது மேல் என்று இந்தச் சமூகம் எடுத்த முடிவு அது.

சரி, திட்டம் போடுகிறவர்கள் சாதி பார்த்தா போடுகிறார்கள்? அவர்கள் பார்ப்பது கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட திட்டத்தால் நாட்டுக்கு என்ன லாபம் என்று காட்டும்போது பெரிய பங்கு 'மிச்சமாகும் பயண நேரம்' என்ற தலைப்பில் வருகிறது. ஒருவருக்கு அரைமணி நேரம் மிச்சமானால் அதற்கு ரூபாயில் மதிப்புப் போடுவார்கள். அந்த மதிப்பைப் பயணியின் வருமானத்திலிருந்து எடுப்பதுதான் வழக்கமான முறை. அதாவது கணினி நிறுவனத்தில் இருப்பவரின் அரைமணி நேரம் தங்கம், அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரின் அரைமணி நேரம் தகரம். பணமுள்ளவர்கள் போகிற பாதையில் தடம் போட்டால் லாபம் தானாகவே கூடிவிடும். வருமானம் ஏன் ஒருவருக்கு அப்படியும் இன்னொருவருக்கு இப்படியும் இருக்கிறது என்று கணக்கில் எந்தக் கட்டமும் கேட்காது. நம் நாட்டில் யார் சம்பளம் ஏன் குறைவு என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 63,246 கோடியை 118.9 கிலோமீட்டருக்கு வகுத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 532 கோடி. ஒரு பேருந்துக்கு ஒன்றரைக் கோடி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோமீட்டர் காசில் 350 பேருந்துகள் வாங்கலாம். மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் மொத்தமாக இருப்பதே மூவாயிரத்துச் சொச்சம். பத்து கிலோமீட்டர் மெட்ரோவின் விலை சென்னையின் அத்தனைப் பேருந்துகளுக்கும் சமம்! பேருந்து வாங்கினால் மட்டும் போதாது, ஓட்டுநர், நடத்துநர், டீசல், பணிமனை எல்லாம் ஆண்டுதோறும் செலவு என்பார்கள். நியாயம். மெட்ரோவுக்கும் ஆண்டுதோறும் செலவு உண்டு, கூடவே வட்டியும் உண்டு. ஆனால் பேருந்துக்குச் செலவானால் அதன் பெயர் 'நட்டம்', மெட்ரோவுக்குச் செலவானால் 'முதலீடு'. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது 'ஓசி' என்று கேலி பேசியவர்கள் எத்தனை பேர்? மெட்ரோவின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அரசு கொட்டும் பணத்தில் குளிர்சாதனப் பெட்டியில் போகிறவரை யாராவது 'ஓசி' என்றார்களா?

சென்னைக்கு ரயில் தெருவுக்கு வந்த கதை பழையது. 1895 மே 7 அன்று இங்கே மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியபோது லண்டன் தெருக்களில்கூட மின்சார ட்ராம் கிடையாது. தெருவிலேயே ஏறி, தெருவிலேயே இறங்கலாம். நகரும் படிக்கட்டில் முப்பதடி மேலேற வேண்டியதில்லை. நடத்தியது தனியார் நிறுவனம். அது நொடித்தது, 1953 ஏப்ரல் 12 அன்று ட்ராம் நின்றது. ஏக்கத்தோடு சிலர் இன்று அதைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை, ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகக் கிண்டிக்கு இலகு ரயில் என்ற பேச்சு பல ஆண்டுகளாக அடிபடுகிறது. தரையோடு போகும் மலிவான தடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறோம், கட்டுவது எப்போதும் விலை கூடியதைத்தான்.

கோவை, மதுரை மெட்ரோவை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பியனுப்பியபோதும் இதே நோயைப் பார்த்தேன். 2011 கணக்கெடுப்பில் 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பதினான்கு ஆண்டுப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு, புதுக் கணக்கெடுப்பையும் நடத்தாமல் மறுப்பது மோசடி, சந்தேகமில்லை. ஆனால் பேருந்து விரைவுத் தடம் போதுமே என்ற பேச்சு வந்ததும் நம் முற்போக்குத் தோழர்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே, "எங்களுக்குப் பேருந்தா?" என்ற கோபம், அது எனக்கு உறுத்தியது. பேருந்து அவமானமா தோழர்? அதில்தான் நாங்கள் போகிறோம்.

நான் மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு மெட்ரோ பிடிக்கும். முதன்முதலில் ஏறியபோது கண்ணாடியில் நகரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டவள் நான். எங்கள் காசிலும் கட்டப்படுகிற அது எங்களுக்கும் ஓட வேண்டும், அவ்வளவுதான். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளின் வாசலிலிருந்து நிலையத்துக்கு அதிகாலை நாலரை முதல் இரவு பதினொன்று வரை சிற்றுந்து ஓட வேண்டும். பெண்களின் இலவசப் பயணம் பேருந்துப் படியோடு முடியாமல் மெட்ரோ வாசலையும் தாண்ட வேண்டும். ஒரே செயலியில் பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் டிக்கெட் எடுக்க வசதி செய்தவர்களுக்கு இது முடியாத வேலையில்லை. மெட்ரோ வந்துவிட்டது என்ற பெயரில் சாதாரணக் கட்டணப் பேருந்து ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நிலம். தடத்தை ஒட்டிய மனைகளில் கூடுதல் மாடிகள் கட்ட அனுமதி தருகிறார்கள். பொதுப்பணத்தில் ரயில் வருவதால் தனியாரின் மனை விலை ஏறுகிறது. அந்தக் கூடுதல் மாடிகளில் ஒரு பங்கு, நகருக்குள்ளேயே, நிலையத்துக்குப் பக்கத்திலேயே உழைக்கும் மக்களுக்கு வாடகை வீடாக வேண்டும். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தந்தார்கள். அந்தக் கட்டடங்கள் இன்றும் நகருக்குள் நிற்கின்றன. முடியாது என்று சொல்ல வாய்ப்பே இல்லை. மயிலாப்பூருக்கு மெட்ரோ வரும் அதே காலத்தில் மயிலாப்பூரின் கால்வாய்க் கரை மக்கள் இருபது கிலோமீட்டர் தாண்டிப் போக வேண்டும் என்றால், அந்த ரயில் யாரை ஏற்றிக்கொள்ள வருகிறது, யாரை இறக்கிவிட்டு வருகிறது?

சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். திரையில் அழகான நிலையங்களின் படங்கள் ஓடின. எங்கள் குடியிருப்பிலிருந்து நிலையத்துக்கு எப்படி வருவது என்று கேட்டேன். மேடையிலிருந்தவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "அது பேருந்துக்காரர்கள் பார்க்க வேண்டியது மேடம், எங்கள் துறை இல்லை." எல்லாவற்றையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவர 2010இலேயே சட்டம் போட்டாகிவிட்டது என்று சொன்னேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார், குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கூட்டம் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, நகருக்குள் ஒரு விடுதியில் நடந்தது. எங்கள் தெருவிலிருந்து போனது நான் ஒருத்திதான், அதுவும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு. அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலையில், கண்ணகி நகர் பள்ளி மைதானத்தில் வைக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவும் அவரோடு அதிகாலைப் பேருந்தில் போகிறவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தேநீர்க் கடையில் கேள்வி கேட்ட தோழரிடமும் தாளை நீட்டப்போகிறேன்.